மோகினி வேட்டை

கட்டிலிலே ஒருவன் கட்டுண்டு கிடக்கிறான். பனிக்கட்டி உடைக்கும் கூரிய ஊசி அவன் உடலிலே பாய்கிறது. ஒருமுறையல்ல, பலமுறை! குத்துபவள் ஒரு பெண். முகத்தைக் கூந்தல் மறைக்கிறது. கொன்றவள் யார்? கண்டுபிடிக்கக் கிளம்புகிறான் காவலன். கண்டுபிடித்தானா? இல்லை! காதல் பிடித்தது! இரண்டு மணி நேரம் ஓடி, கட்டிலுக்கடியிலே அதே போன்றதோர் ஊசியைக் காட்டி முடிகிறது படம். அரங்கிலே இருந்தோர் பெருமூச்செறிகிறார்கள். "அடேயப்பா, எத்தகைய நச்சுப்பாம்பு அந்தப் பெண்!" என்கிறார்கள்.

'பேசிக் இன்ஸ்டிங்க்ட்' என்பது அப்படத்தின் பெயர். 1992ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிலே அமெரிக்காவில் வெளிவந்தது. அவ்வாண்டு கேன் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாகவும் அமர்ந்தது. நெதர்லாந்துக்காரர் பால் வெர்கோவன் இயக்கினார். கதையை எழுதிய ஜோ எஸ்டெர்ஹாஸ் பெற்ற தொகை 30 இலட்சம் டாலர். காவலனாக நடித்த மைக்கேல் டக்ளசுக்கு ஒரு கோடி டாலருக்கும் மேல். படத்தின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் எவர் முகம் நினைவுக்கு வருகிறதோ, அந்த ஷாரன் ஸ்டோனுக்கு 5 இலட்சம்! மோகினிக்குப் புகழ் அதிகம், கூலி குறைவு. எல்லா மோகினிகளின் கதையும் இதுதான் போலும்.

பழைய படத்தைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று தோழர்கள் கேட்கக்கூடும். படம் பழையது, பார்ப்பவர்கள் புதியவர்கள். இன்றும் கைபேசித் திரையிலே இளைஞர்கள் அதனைப் பார்க்கிறார்கள். அதன் அச்சிலே வார்த்த படங்கள் அன்றுதொட்டு எத்தனையோ வந்துவிட்டன. துப்பறிபவன் ஒருவன், அழகி ஒருத்தி, அவள் கையிலே ஆயுதம், அவன் நெஞ்சிலே ஆசை. ஆகவே பேசத்தான் வேண்டும்.

பகுத்தறிவாளன் கேட்க வேண்டிய முதற் கேள்வி: சான்று எங்கே? கேதரின் டிராமெல் என்னும் அப்பெண் நாவலாசிரியை. கொலை நடந்த முறையிலேயே ஒரு கொலையைத் தன் நூலில் எழுதியிருந்தாள் என்பதுதான் அவள்மேல் முதலில் விழும் ஐயம். செல்வம் உடையவள், படித்தவள், எவனையும் அண்டி வாழாதவள், ஆணையும் பெண்ணையும் விரும்புபவள். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக அடுக்கி, குற்றப்பத்திரிகையின் வரிகளைப் போலவே காட்டுகிறது படம். படிப்பு ஐயத்துக்குரியது! துணிவு ஐயத்துக்குரியது! தனித்து வாழ்தல் மிகமிக ஐயத்துக்குரியது!

காவலன் நிக் கரனின் கணக்கைப் பாருங்கள். போதையிலே சுட்டு, ஏதுமறியாத சுற்றுலாப் பயணிகள் இருவரைக் கொன்றவன். தண்டனை இல்லை, வேலையிலும் தொடர்கிறான். பெத் கார்னர் என்னும் மனநல மருத்துவர், முன்பு அவனோடு பழகியவள். ஓர் இரவு அவள் வேண்டாமென்று தடுத்தும், அவளைப் பலவந்தம் செய்கிறான். காமிரா அதனை அவன் மனக்கொந்தளிப்பு என்று காட்டிவிட்டு நகர்கிறது. முடிவிலோ, அதே பெத்தை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறான். அவள் கை சட்டைப்பையிலே இருக்கிறது. சுட்டுவிடுகிறான். பையிலே இருந்தது என்ன? சாவி! வெறும் சாவி!

படம் நமக்கு ஐயமறக் காட்டும் கொலையாளி யார்? முகத்தைக் கூந்தல் மறைத்தவளைப் பற்றி இரண்டு மணி நேரம் விவாதம். முகம் முழுதும் வெளிச்சத்தில் நிற்க, கையிலே துப்பாக்கியோடு மூன்று உயிரைப் போக்கியவனைப் பற்றி விவாதமே இல்லை! அவன் துப்பறிபவன், ஆகவே அவன்மேல் துப்பு துலக்குவாரில்லை.

இடையிலே ஒரு வேடிக்கை உண்டு. பொய்யறியும் கருவி முன் அவள் அமர்கிறாள்; கருவி அவளைக் குற்றமற்றவள் என்கிறது. அவனும் முன்பு அக்கருவியிடம் நற்சான்று பெற்றவன்தான். அவள் வென்றால் வஞ்சகி. அவன் வென்றால் கெட்டிக்காரன்! 2003இலே அமெரிக்க நாட்டு ஆராய்ச்சி மன்றத்து அறிஞர்கள் அக்கருவியின் அறிவியல் அடிப்படை வலுவற்றது என்று அறிக்கை தந்தார்கள். குறி சொல்பவனின் கோலுக்குக் கம்பி கட்டினால் விஞ்ஞானமாகிவிடுமா?

இனி, அந்தப் பெயர் பெற்ற விசாரணைக் காட்சி. ஓர் அறை, சுற்றிலும் ஆண்கள், நடுவிலே நாற்காலியில் அவள். என்ன கேட்கிறார்கள்? கொலை நடந்த இரவு எங்கே இருந்தாய் என்ற கேள்வி சிறிது நேரமே. அவனோடு எப்படி இருந்தாய், கட்டிப் போடுவது உண்டா, இன்பம் உண்டா என்ற கேள்விகளே பெரிது! விடை கேட்பதற்குப் பதில் வேர்த்துக் கொட்டுகிறது கேட்பவர்களுக்கு. இதனைப் புதுமை என்று போற்றினார்கள். புதுமையா? அந்த நாற்காலி ஐந்நூறு ஆண்டுப் பழையது, தோழர்களே!

1485ஆம் ஆண்டு. ஆஸ்திரிய மலைநாட்டு நகரம் இன்ஸ்புருக். மதத் துரோகிகளைத் தேடும் விசாரணையாளர் ஹைன்ரிக் கிராமர் அங்கே வந்து சேர்ந்தார். அவரும் துப்பறிபவர்தான், தேடியது சூனியக்காரிகளை. வாய்த்துடுக்குள்ள ஒரு மாது, பெயர் ஹெலெனா ஷாய்பெரின், அவருடைய பிரசங்கத்துக்குப் போக மறுத்தாள், பிறரையும் போகவேண்டாமென்றாள், தெருவிலே கண்டபோது முகத்துக்கு நேரே சபித்தாள். போதாதா? அவளையும் வேறு ஆறு பெண்களையும் கூண்டிலேற்றினார். வீரன் ஒருவனைச் சூனியத்தால் கொன்றாள் என்பது அவள்மேல் சுமத்திய குற்றங்களுள் ஒன்று. கொலை பற்றிக் கேட்டாரா கிராமர்? அவளுடைய கன்னிமை பற்றி, படுக்கை பற்றிக் கேட்டார்!

அங்கேதான் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. ஆயரின் சார்பிலே அமர்ந்திருந்த அதிகாரி, இக்கேள்விகள் வழக்குக்குத் தொடர்பற்றவை என்று தடுத்தார். பெண்களுக்காக வழக்கறிஞர் ஒருவர் வாதாடினார். விசாரணை முறையற்றது என்று தள்ளப்பட்டது. எழுவரும் விடுதலை! ஆயர் கோல்சர், கிராமரை ஊரைவிட்டுப் போகச் சொன்னார். கிழவருக்கு மதி தளர்ந்துவிட்டது என்று எழுதியும் வைத்தார். மத பீடத்தில் இருந்தவர்களுக்கே, இருண்ட காலம் என்று நாம் ஏசுகிற அக்காலத்திலேயே, அந்தக் கேள்வி வெட்கமாகத் தோன்றியிருக்கிறது. 1992இலே அதே கேள்வியை வெண்திரையில் விரித்து, உலகெங்கும் 35 கோடி டாலருக்கு விற்றார்கள்!

தோற்ற கிராமர் சும்மா இருந்தாரா? புத்தகம் எழுதினார். 'மல்லியஸ் மலெஃபிகாரம்', சூனியக்காரிகளை நொறுக்கும் சம்மட்டி என்று பொருள். சூனியத்துக்கெல்லாம் வேர் பெண்ணின் அடங்காத காமமே என்பது அதன் வாதம். 1669 வரை திரும்பத் திரும்ப அச்சேறியது. சூனிய வேட்டையிலே ஐரோப்பாவில் மாண்டவர் ஏறத்தாழ 40,000 முதல் 60,000 என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள், பெரும்பாலோர் பெண்கள். தன் ஆசையை அவள்மேல் குற்றமாக எழுதியவன் கிராமர். காவலன் நிக் கரன், அவருடைய எழுத்தர் பரம்பரை! நம் பாட்டிமார் கதையிலும் புளியமரத்து மோகினி இருந்தாள் அல்லவா? இருட்டிலே வெளியே திரிந்தவன் ஆண். பேயானவள் மட்டும் பெண்!

"அவள் அறிவுடையவள், வெல்கிறாள், ஆண்களை ஆட்டிவைக்கிறாள், இது பெண்ணின் ஆற்றலைப் போற்றும் படமல்லவா?" என்போர் உண்டு. எழுத்தாளர் கமில் பாலியா அவ்வாறே புகழ்ந்தார். ஸ்டோனின் நடிப்பிலே மிடுக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. அறையிலே அஞ்சாதவள் அவள் ஒருத்திதான். ஆனால் அந்த மிடுக்குக்கு விலை என்ன? கொலைகாரியாக இருந்தால்தான் பெண் மிடுக்காக இருக்கலாம் என்பது புகழ்ச்சியா?

திரைக்குப் பின்னே நடந்ததையும் கேளுங்கள். 2021இல் வெளியிட்ட தன் வரலாற்றிலே ஸ்டோன் எழுதுகிறார்: உள்ளாடை வெளிச்சத்தைத் திருப்பியடிக்கிறது, கழற்றிவிடு, ஒன்றும் தெரியாது என்று சொல்லிப் படமாக்கினார்களாம். பின்னர், முகவர்களும் வழக்கறிஞர்களும் நிறைந்த அறையில் அமர்ந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்ததாம். வெர்கோவன் மறுக்கிறார்; அவருக்குத் தெரிந்தே எடுத்தது என்கிறார். படத்திலே நாற்காலியைச் சுற்றி ஆண்கள், வெளியிலும் அவ்வாறே! 2023இல் அவர் சொன்ன செய்தி இன்னும் கொடிது. வளர்ப்பு மகன் யாரிடம் இருப்பது என்ற வழக்கிலே, உன் தாய் எத்தகைய படத்தில் நடிப்பவள் தெரியுமா என்று நீதிபதி அந்தச் சிறுவனையே கேட்டாராம். கேதரின் டிராமெல் கற்பனை. தண்டனையோ, நடித்தவளுக்கு உண்மையாகவே கிடைத்தது. அதே படத்திலே பலவந்தம் செய்தவனாக நடித்தவரை அவ்விதம் எந்த மன்றமாவது கேட்டதுண்டா?

"கற்பனைதானே, கணக்கு எதற்கு?" என்பார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2019இல் தந்த ஆய்விலே, கொலை வழக்குகளில் ஐயத்துக்குள்ளானோரில் நூற்றுக்கு 90 பேர் ஆண்கள். 2023இலே கணவன், காதலன், குடும்பத்தார் கையால் மாண்ட பெண்களும் சிறுமியரும் உலகெங்கும் 51,100 பேர், நாளொன்றுக்கு 140. கட்டிலுக்கடியிலே ஊசி இருக்கிறதோ என்று அஞ்ச வேண்டியவர் யார்? வீடெங்கும் அஞ்சிக் கிடப்பவளைத் திரையிலே அச்சமூட்டுபவளாக்கிக் காட்டுவது, களவு கொடுத்தவன் வீட்டிலேயே சோதனை போடுவது போன்றதன்றோ!

தடைசெய் என்று நான் கூறவில்லை. 1991இலே சான்பிரான்சிஸ்கோ நகரில் படப்பிடிப்பு நடந்தபோதே, தன்பாலினரும் பெண்ணியரும் வீதிக்கு வந்து எதிர்த்தார்கள். பெண்ணை நேசிக்கும் பெண்கள் எல்லோரும் கொலைகாரிகளா என்று கேட்டார்கள். காவலர் வந்தனர், கைதுகளும் நடந்தன. எழுத்தாளர் எஸ்டெர்ஹாஸ் அவர்களைச் சந்தித்துச் சில மாற்றங்களை ஒப்புக்கொண்டார், இயக்குநர் ஏற்கவில்லை. படம் வெளிவந்ததும் அவர்கள் அரங்குகளின் வாயிலில் நின்று, கொன்றவள் கேதரின் என்று உரக்கக் கூவி மர்மத்தை உடைத்தார்கள்! சுவையான போர்முறைதான். ஆனால் அவர்கள் கூவியதிலும் ஒரு பெயர் விட்டுப்போயிற்று. நம் படிப்பகத்திலே இப்படம் பற்றிப் பேச்சு எழுந்தால், அந்தப் பெயரை நீங்கள் கூறுங்கள்: பெத் கார்னர். சட்டைப்பையில் சாவி வைத்திருந்தவள். அவளைச் சுட்டவன் அன்றிரவு யாருடைய கட்டிலில் இருந்தான் என்பதையும் சேர்த்துக் கூறுங்கள்.