வினைமுதல் தெரியாத மின்செலவு

இரவு பதினொரு மணிக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வறைகளைச் சுற்றிவருபவர் பெரும்பாலும் ஒரே காட்சியைக் காண்பார். விளக்குகள் அணைந்திருக்கும், மின்விசிறிகள் நின்றிருக்கும், கதவுகள் பூட்டியிருக்கும். மேசைகளுக்கு அடியில் மட்டும் நீலமும் பச்சையுமாய்ச் சிறு ஒளிப்புள்ளிகள் எரிந்துகொண்டிருக்கும். திரைகள் இருண்டிருந்தாலும் கணினிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. சுவரில் ‘வெளியேறும்போது கணினியை அணைக்கவும்’ என்ற தாள் ஒட்டப்பட்டிருக்கும். மின்கட்டணம் உயரும்போதெல்லாம் ஒரு சுற்றறிக்கை வரும். மின்சாரம் வீணாகச் செலவாகிறது என்று அது சொல்லும்.

மொழியைக் கவனிப்பவருக்கு அந்த வாக்கியம் சற்று உறுத்த வேண்டும். ‘செலவழிக்கிறார்’ என்றால் யார் என்ற கேள்வி உடனே எழும். ‘செலவாகிறது’ என்னும்போது மின்சாரமே எழுவாயாகி நிற்கிறது, வினைமுதல் மறைந்துவிடுகிறது. காலியான அந்த இடத்தில் ஒவ்வொருவரும் தமக்கு வசதியானவரை அமர்த்திக்கொள்கின்றனர். நிர்வாகத்துக்கு அவர் பொறுப்பற்ற மாணவர். மாணவருக்கு அவர் கணக்குப் பார்க்காத நிர்வாகம். உண்மையான வினைமுதல் பல வேளைகளில் கணினிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை அளந்துதான் கண்டறிய முடியும். அளவீட்டையே தொழிலாகக் கொண்ட ஆய்வு நிறுவனங்கள் இந்த ஒன்றை மட்டும் அளக்காமல் அறிவுரையாகவே வைத்திருப்பது வியப்புக்குரியது.

செலவின் அளவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். எவரும் தொடாத நிலையில் ஒரு மேசைக்கணினி 50 வாட் எடுக்கிறது என்றும், நாளொன்றுக்கு 16 மணிநேரம் அவ்வாறே ஓடுகிறது என்றும் கொள்ளலாம். அது 0.8 யூனிட். அத்தகைய கணினிகள் நூறு இருந்தால் நாளுக்கு 80 யூனிட். ஆண்டுக்கு 29,200 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்றால் 2,33,600 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாத ஆய்வு உதவித்தொகை பல ஆண்டுகளாக மாதம் 8,000 ரூபாயாகவே இருந்துவந்திருக்கிறது. அந்தக் கணக்கில் இது ஓர் ஆய்வாளரின் 29 மாதத் தொகை. இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்தின் பின்னால் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு இருப்பதால், அந்த நூறு கணினிகள் வேலை எதுவும் செய்யாமலே ஆண்டுக்கு இருபது டன் வாயுவுக்குக் காரணமாகின்றன. எடுக்கும் ஒவ்வொரு வாட்டும் இறுதியில் வெப்பமாகவே அறைக்குள் வெளியேறுவதால், குளிர்சாதனம் இருக்கும் இடத்தில் அதை வெளியேற்றவும் தனியே செலவாகும்.

அணைத்துவிட்டால் முடிந்ததே என்பது இதற்குரிய முதல் பதில். அணைக்கக்கூடியவற்றை அணைக்கத்தான் வேண்டும். ஆனால் விடுதியிலிருந்தோ சொந்த ஊரிலிருந்தோ ஆய்வகக் கணினிக்குள் நுழைந்து வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். இரவெல்லாம் தரவு இறங்கவேண்டிய துறைகள் இருக்கின்றன. பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளும் கணினியை எவர் அணைப்பது என்ற சிக்கலும் உண்டு. அணைப்பதும் ஓடுவதுமான இரண்டு நிலைகள் மட்டுமே இருப்பதுபோல் பேசும் அறிவிப்பு இவர்களுக்கு உதவுவதில்லை. இடையில் உறக்கநிலை இருக்கிறது. நினைவகத்தை மட்டும் விழிக்கவைத்து மற்றவற்றை அணைக்கும் அந்நிலையில் மேசைக்கணினி பொதுவாக ஐந்து வாட்டுக்குள் அடங்கிவிடும். ‘வேக் ஆன் லேன்’ வசதியிருந்தால் தொலைவிலிருந்தே எழுப்பவும் செய்யலாம். அதற்கும் அப்பால், ஓடியே தீரவேண்டிய கணினி ஏன் முப்பது வாட்டில் ஓடாமல் எழுபது வாட்டில் ஓடுகிறது என்ற கேள்வி மிஞ்சுகிறது. அறிவிப்புத் தாள்கள் தொடாத கேள்வி அது.

இதற்கு விடை தேடுபவரை முதலில் ஏமாற்றுபவை கண்ணுக்குத் தெரியும் சான்றுகள். திரையில் மீன் நீந்தும் ஸ்க்ரீன்சேவர் சிக்கனம் என்று இன்றும் நம்புபவர்கள் உண்டு. பழைய குழாய்த்திரைகளின் பாஸ்பரப் பூச்சில் ஒரே படம் பதிந்துவிடாமல் காக்கவே அது வந்தது. மின்சாரத்தை அது மிச்சப்படுத்துவதில்லை, சில வேளைகளில் கூட்டவும் செய்யும். பிராசசர் ஒரு விழுக்காடுதான் பயன்பாட்டில் இருக்கிறது என்று டாஸ்க் மேனேஜர் காட்டுவதும் நிறைவான சான்றல்ல. அந்த விழுக்காடு நேரத்தின் அளவு, மின்சாரத்தின் அளவு அன்று. இரவு முழுவதும் நிமிடத்துக்கு ஒருமுறை தட்டி எழுப்பப்பட்டவர் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு நேரம் படுக்கையில்தான் இருந்தார்; ஆனால் அவர் தூங்கவில்லை. பிராசசரும் அப்படித்தான். வேலை இல்லாதபோது அது படிப்படியாக ஆழ்ந்த உறக்கநிலைகளுக்குள் இறங்கும். ஆழம் கூடக்கூட மின்நுகர்வு குறையும். மீண்டெழும் நேரம் கூடும். ஏதோ ஒரு நிரல் ஓயாமல் எழுப்பிக்கொண்டிருந்தால் அந்த ஆழத்தில் அது நிலைப்பது அரிது.

பிராசசருக்குள் இருக்கும் உணரிகளைப் படித்து வாட் கணக்குச் சொல்லும் மென்பொருள்களும் பாதிக் கதையையே சொல்கின்றன. மதர்போர்டு, வன்தட்டு, விசிறி, எஸ்.எம்.பி.எஸ். ஆகியவற்றின் இழப்பு அந்தக் கணக்கில் வராது. எனவே அளவீடு சுவரிலிருந்து தொடங்க வேண்டும். பிளக்குக்கும் கணினிக்கும் இடையில் செருகும் வாட் மீட்டர் ஒன்று துறைக்கு ஒன்றாக இருந்தாலே போதும். கிளாம்ப் மீட்டரால் மின்னோட்டத்தை மட்டும் அளந்து மின்னழுத்தத்தால் பெருக்குவது தவறான வழி. அது வோல்ட்-ஆம்பியரைத் தரும், வாட்டைத் தராது. குறைந்த சுமையில் திறன்காரணி சரிவதால் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கலாம்.

வாட் மீட்டர் இல்லாதவருக்கும் வழி உண்டு. இந்திய வீடுகளின் மின்னணு மீட்டர்களில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மினுக்குவதைப் பலரும் பார்த்திருப்பர். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பது முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3200 என்பது பரவலாகக் காணப்படும் எண். அந்த மீட்டரில் ஒரு மினுக்கல் 1125 ஜூல். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கணினியை மட்டும் ஓடவிட்டு, இரு மினுக்கல்களுக்கு இடைப்பட்ட வினாடிகளால் 1125ஐ வகுத்தால் வாட் கிடைக்கும். 15 வினாடி என்றால் 75 வாட். 25 வினாடி என்றால் 45 வாட். வாடகை அறையில் தங்கியிருக்கும் மாணவரும் ஒரு காசு செலவின்றிச் செய்யக்கூடிய சோதனை இது.

அளக்கும் முறையில் புதுமை ஒன்றுமில்லை. மொழியியல் முதலாண்டு மாணவர் அறிந்ததுதான். மனம், மணம் என்னும் இரு சொற்களில் ஓர் ஒலி மட்டும் மாறுகிறது, பொருளும் மாறுகிறது. ஆகவே அவ்வொலிகள் தமிழில் வெவ்வேறு ஒலியன்கள் என்று நிறுவுகின்றனர். கணினியிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். கணினியைத் தொடங்கியதும் புதுப்பிப்பு, கோப்பு அட்டவணையாக்கம், நச்சுநிரல் சோதனை எல்லாம் பின்னணியில் ஓடும். அவை அடங்கக் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு பத்து நிமிடச் சராசரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். திரையைத் தனியாக அளக்க வேண்டும். அணைந்த நிலை, உறக்கநிலை, எந்த நிரலும் திறக்காத நிலை, வழக்கமான நிரல்கள் திறந்திருக்கும் நிலை என்று நான்கு எண்கள் கையில் இருந்தால் செலவு எந்தப் பக்கம் என்பது பெருமளவு விளங்கிவிடும்.

மூன்றாம் எண்ணுக்கும் நான்காம் எண்ணுக்கும் இடைவெளி பெரிதானால் குற்றம் மென்பொருளில் இருக்கிறது. அசையும் விளம்பரத்தோடு மறந்துபோன உலாவித் தாவல், கோப்புகளை ஓயாமல் ஒத்திசைக்கும் நிரல் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். லினக்ஸில் 2007 முதல் கிடைக்கும் பவர்டாப், பிராசசரை எழுப்புபவர் யார், எத்தனைமுறை என்று பெயர் சொல்லிக் காட்டும். விண்டோஸிலேயே உள்ள பவர்சிஎஃப்ஜி கட்டளை, ஒரு நிமிடம் கவனித்து அறிக்கை தருவதோடு, கணினியை உறங்கவிடாமல் தடுப்பது எது என்பதையும் சொல்லும்.

மூன்றாம் எண்ணே பெரிதாக இருந்தால் வன்பொருளையும் அமைப்புகளையும் பார்க்க வேண்டும். சுழன்றுகொண்டே இருக்கும் பெரிய வன்தட்டு ஏறத்தாழ ஐந்து வாட். தனி கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும்போதே சில வாட் முதல் இருபது வாட் வரை எடுக்கும். வெவ்வேறு புதுப்பிப்பு வேகம் கொண்ட இரு திரைகளை அதில் இணைத்தால் அதன் நினைவகம் வேகம் குறையாமல் நின்று, மேலும் இருபது முப்பது வாட் கூடுவதும் உண்டு. ‘உயர் செயல்திறன்’ என்று எவரோ என்றோ தேர்ந்துவைத்த மின்திட்டம் மாற்றப்படாமலே இருக்கலாம்.

இங்கு ஒரு கண்ணி உண்டு. மதர்போர்டில் செருகிய ஒரு கார்டு தன் இணைப்பை உறங்கவிட மறுத்தால், பிராசசர் முழுவதுமே ஆழ்ந்த நிலைக்குப் போகாமல் நின்றுவிடும். அத்தகைய கார்டுகள் இரண்டு இருந்தால், ஒன்றைக் கழற்றினாலும் எண் குறையாது. அதைத் திரும்பப் பொருத்திவிட்டு மற்றதைக் கழற்றினாலும் குறையாது. இரண்டையும் கழற்றினால் மட்டுமே குறையும். கதவுக்கு இரண்டு பூட்டுகள் இருந்தால் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு அதில் பூட்டே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. மாற்றம் தெரியவில்லை என்பது குற்றமில்லை என்பதற்குச் சான்றாகாது. ஆய்வுமுறையியல் வகுப்பில் இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

எல்லாவற்றையும் சரிசெய்த பின்னும் மிஞ்சும் செலவில் ஒரு பங்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸினுடையது. அதன்மேல் ஒட்டியிருக்கும் ‘80 பிளஸ்’ முத்திரைக்கான சோதனை, 20, 50, 100 விழுக்காட்டுச் சுமைகளில் நடக்கிறது. உச்சப் படியான டைட்டானியத்துக்கு மட்டும் 10 விழுக்காட்டிலும் நடக்கிறது. 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். பொருத்திய கணினி வேலையின்றி 40 வாட் எடுக்கும்போது சுமை ஆறு விழுக்காடுதான். கணினி தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கழிக்கும் இடத்தில் முத்திரை எந்த உறுதியும் தருவதில்லை. தேவைக்கு மீறிப் பெரிய எஸ்.எம்.பி.எஸ். வாங்கியது மாணவர் அல்லர். அதைக் கேட்டது ஒப்பந்தப்புள்ளி.

பொறுப்பு உண்மையில் இங்கேதான் இடம் மாறுகிறது. அணைந்த நிலையில் சாதனங்கள் உறிஞ்சும் மின்சாரத்தைக் குறைக்கப் பன்னாட்டு எரிசக்தி முகமை 1999இல் ‘ஒரு வாட்’ இலக்கை முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் அதைச் சட்டவரம்பாக்கி, 2013இல் அரை வாட்டாகக் குறைத்தது. பயனாளரின் மனச்சாட்சியை நம்பியிருந்தால் அந்த மாற்றம் வந்திராது. வரம்பு தயாரிப்பாளருக்கு விதிக்கப்பட்டதால் வந்தது. 1992இல் கணினிகளிலிருந்தே தொடங்கிய அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் திட்டமும் வேலையற்ற நிலையின் நுகர்வைக் கணக்கில் கொள்கிறது. இந்தியாவில் எரிசக்தித் திறன் பணியகம் 2002 முதல் இயங்குகிறது. குளிர்பெட்டி வாங்குபவர் நட்சத்திரங்களை எண்ணாமல் வாங்குவதில்லை. உதிரிபாகங்களைச் சேர்த்துக் கட்டித்தரும் ஆய்வகக் கணினிக்கோ பெரும்பாலும் எந்த முத்திரையும் இராது. பிராசசரின் வேகமும் நினைவகத்தின் அளவும் பக்கம் பக்கமாக எழுதப்படும் ஒப்பந்தப்புள்ளியில், வேலையின்றி இருக்கும்போது சுவரிலிருந்து எத்தனை வாட் எடுக்கலாம் என்ற ஒரு வரி சேர்ப்பது பெரிய செயலன்று.

அதோடு துறைக்கு ஒரு வாட் மீட்டரும், ஆண்டுக்கு ஒருநாள் அளவீடும், நான்கு எண்கள் எழுதிய தாள் ஒவ்வொரு கணினியின் பக்கத்திலும் இருந்தால், ‘அணைக்கவும்’ என்ற அறிவிப்புக்கும் பொருள் கிடைக்கும். இந்தக் கணினி இப்போது 62 வாட் எடுக்கிறது, உறங்கினால் 3 வாட் என்று தெரிந்த மாணவருக்கு அறிவுரை தேவைப்படாது. அணைக்கச் சொல்லும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு. அந்த உரிமை அளந்த பிறகே வருகிறது. அளக்காதவரை, ‘செலவாகிறது’ என்னும் வினை வினைமுதல் தெரியாமலே அடுத்த சுற்றறிக்கையிலும் வரும். குற்றம் எளியவர் தலையிலேயே விழும்.