வெண்கலத்தில் நின்ற கொடுமை

நடுகல் நட்ட இனம் தமிழினம். ஆநிரை மீட்டு மாண்டவனுக்கும் ஊர் காத்து வீழ்ந்தவனுக்கும் கல்லெடுத்துப் படையலிட்டனர் நம் முன்னோர். கல் நடும் முறையை ஆறு படிகளாக வகுத்துரைக்கின்றது தொல்காப்பியப் புறத்திணையியல். தன் மக்கட்கு உயிர் கொடுத்தவனுக்கே கல் என்பது தமிழர் கண்ட அறம். அத்தகைய மண்ணில், ஊரழித்த ஒருவனுக்கு வெள்ளையர் வெண்கலச் சிலை எடுத்தனர்.

அவன் படைத்தலைவன் சேம்சு நீல். இசுக்காட்லாந்தில் 1810-இல் பிறந்தவன். கும்பணியாரின் சென்னைத் துமுக்கிப் படையை நடத்தியவன். 1857-இல் வடபுலத்துப் படைமறவர் கிளர்ந்தெழுந்தபோது அப் படையோடு வடக்கே சென்றான். அலகாபாத்திலிருந்து கான்பூர் நோக்கிச் சென்ற படைக்கு, சில ஊர்களைக் குறித்து, அங்குள்ள ஆடவரைக் கொன்றொழிக்குமாறு எழுத்திலேயே ஆணையிட்டான். கான்பூரில் ஆங்கிலேயப் பெண்டிரும் குழந்தைகளும் கொலையுண்டது பெருங்கொடுமையே. அதனை மறைத்தல் அறமன்று. ஆயின், நீல் அதற்குத் தேடிய ஈடு யாது? தூக்கிலிடப்பட வேண்டியவரைக் கசையால் அடித்துக் குருதிக்கறையைத் துடைக்கச் செய்தான். அவர்தம் உணர்வுக்கு இயன்றவரை அருவருப்பூட்டுவதாக அது அமைதல் வேண்டும் என்பதும் அவன் ஆணையே. 1857 செப்தம்பர் 25-இல் இலக்னோவில் சுடப்பட்டு மாண்டான்.

அக்காலப் போர்முறை அதுவே என்பர் சிலர். அக்காலத்திலேயே, 1857 சூலை 31-இல், தலைமை ஆளுநர் கானிங்கு கண்மூடித்தனமான ஒறுப்பைத் தடுக்க ஆணை பிறப்பித்தார். அதற்காகவே வெள்ளையர் அவரை எள்ளி நகையாடினர். அருளுடைமை அன்றும் அறியப்படாததன்று. நீல் அதனை வேண்டாதவன், அவ்வளவே. அவனுக்குத்தான் இன்றைய அண்ணா சாலையில் சிலை எழுந்தது. பகைவன் கொடுமையை நாடோறும் வணங்கிச் செல்க என்பதன்றி அதன் பொருள் வேறென்ன?

1927-இல் தமிழ் மக்கள் அதற்கு விடையிறுத்தனர். சிலையை அகற்றக் கோரித் தொண்டர்கள் அணியணியாகச் சிறை புகுந்தனர். கடலூர் அஞ்சலையம்மாள் தம் சிறுமகளோடு களம் புகுந்து சிறையேகினார். பத்தாண்டு கழிந்து, 1937-இல் இராசாசி அமைச்சரவை சிலையைத் தெருவினின்று பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்தது.

அதனை உருக்காமல் விட்டது நன்றே. உருக்கினால் குற்றமும் உடன் உருகி மறையும். ஆயினும், மேடையினின்று இறக்கியதோடு கடமை முடிந்துவிடவில்லை. சிலைக்கருகே அவன் பெயரை மட்டும் பொறித்தல் போதாது. அவன் இட்ட ஆணைகளும், அவற்றால் மாண்டோர் துயரும், அவனை இறக்கச் சிறை சென்றோர் பெயரும் தமிழில் பொறிக்கப்படல் வேண்டும். நீலை அறிந்த பிள்ளை அஞ்சலையம்மாளை அறியாதிருத்தல் இழுக்கு.

வெண்கலம் தானே பேசாது. அதன் வாயிலாக யார் பேசுகின்றனர் என்பதே வினா. ஒரு காலத்தில் வெற்றி கொண்டவன் பேசினான்; இனி உண்மை பேசட்டும்!