வெள்ளப் படகுக்கு பௌ த்ரஸ்டர் வேண்டுமா?

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும் காலம் இது. எங்கள் வகுப்பில் ஒரு குழு "வெள்ள மீட்புப் படகில் பௌ த்ரஸ்டர் பொருத்துதல்" என்று முடிவு செய்திருக்கிறது. நல்ல நண்பர்கள்தான், நல்ல நோக்கம்தான். ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கேன்டீனில் பேசினால் சண்டையாகிவிடுகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன் :-)

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினை நிஜமானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் கொரட்டூரும் மூழ்கியது நினைவிருக்கும். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பாட்டியை ஏற்றிக்கொள்ள ஒரு ஃபைபர் படகு வந்தது. கேட் அருகே வேகத்தைக் குறைத்ததும், குறுக்குத் தெருவிலிருந்து வந்த நீரோட்டம் படகின் மூக்கைத் திருப்பிவிட்டது. இரண்டு முறை முயன்றும் முடியவில்லை. மூன்றாவது முறை படகு மதில் சுவரில் மோதி, ஏற்கெனவே உள்ளே இருந்த ஒரு அம்மாவின் விரல்கள் நடுவில் மாட்டி நசுங்கின. 2018 கேரள வெள்ளத்தில் மீட்புக்குப் போன மீனவர்களின் படகுகள் பலவும் இப்படித்தான் சுவரிலும் கேட்டிலும் இடித்துச் சேதமாயின.

காரணம் எளிது. மோட்டார் பின்னால் இருக்கிறது. வேகம் குறைந்தால், மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்பகுதி யார் பேச்சையும் கேட்காது. காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் போகும். பெரிய கப்பல்களில் இதற்குத்தான் பௌ த்ரஸ்டர். முன்பகுதியில் இடமிருந்து வலமாக ஒரு குழாயைப் பதித்து, அதற்குள் ஒரு ப்ரொப்பெல்லர் வைப்பார்கள். பட்டனை அழுத்தினால் கப்பலின் மூக்கு இடமோ வலமோ நகரும். உல்லாசப் படகுகளுக்கும் சிறிய அளவில் கிடைக்கிறது.

அதையே நம் படகில் வைத்தால் என்ன? இங்கேதான் கணக்கு இடிக்கிறது.

ஒன்று, ஆழம். சிறிய த்ரஸ்டரின் குழாய் விட்டம் சுமார் 125 மில்லிமீட்டர். குழாயின் மேல் விளிம்பு, விட்டத்தில் பாதியளவாவது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றை உறிஞ்சி வெறுமனே இரையும். அப்படியானால் முன்பகுதி குறைந்தது 19 சென்டிமீட்டர் அமிழ வேண்டும். வெள்ளப் படகின் முன்பகுதியோ மேல்நோக்கி வளைந்தது. ஆளில்லாதபோது தண்ணீரைத் தொடுவதே அபூர்வம். குழாயைப் பின்னுக்குத் தள்ளி வைத்தால் ஆழம் கிடைக்கும், ஆனால் திருப்பும் விசை குறையும். நீண்ட ஸ்பானருக்குப் பதில் குட்டை ஸ்பானர் பிடித்த கதை.

இரண்டு, விசை. 5 மீட்டர் நீளப் படகு 20 சென்டிமீட்டர் அமிழ்ந்திருந்தால், பக்கவாட்டில் நீரோட்டம் மோதும் பரப்பு 1 சதுர மீட்டர். நொடிக்கு 1 மீட்டர், அதாவது நாம் மெதுவாக நடக்கும் வேகத்தில் தண்ணீர் வந்தாலே சுமார் 50 கிலோ விசை தள்ளும். அதில் பாதியைப் பின் மோட்டார் தாங்கினாலும், மீதி 25 கிலோவை த்ரஸ்டர் தாங்க வேண்டும். சிறிய த்ரஸ்டர்களின் மொத்த பலமே அவ்வளவுதான். நீரோட்டம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு! தவிர, படகு தண்ணீரை எதிர்த்து முன்னேறும்போது இந்தக் குழாய் த்ரஸ்டரின் பலன் இன்னும் குறையும்.

மூன்று, மின்சாரம். 12 வோல்ட்டில் ஏறத்தாழ 200 ஆம்பியர் இழுக்கும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் மோட்டார் சூடாகிவிடும். பாட்டரி, கேபிள், குழாய் எல்லாம் சேர்த்து 30 கிலோ வரும். அது ஒரு பள்ளிப்பிள்ளை உட்காரும் இடம்.

நான்காவதை எழுதவே வேண்டாம். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ தெருவில் தண்ணீர் நின்றால் அதில் என்னவெல்லாம் மிதக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பாலித்தீன் பை, துணி, கயிறு, ஏரியிலிருந்து வந்த ஆகாயத்தாமரை... 5 அங்குலக் குழாய்க்குள் ஒரு பழைய புடவை போனால் கதை முடிந்தது.

"ஐரோப்பாவில் ரைன் நதியில் ஆழமில்லாத சரக்குப் படகுகளுக்கு வைக்கிறார்களே?" என்று நண்பன் கேட்டான். உண்மைதான். அங்கே தட்டையான அடிப்பாகத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பக்கவாட்டில் பீய்ச்சும் வகை உண்டு. சரக்கில்லாமல் மேலெழுந்து மிதக்கும்போதும் அது வேலை செய்யும். ஆனால் அது 100 மீட்டர் நீளப் படகு, அடியில் இருப்பது நதி. நம் படகுக்கு அடியில் இருப்பது தார்ச்சாலையும் சேறும். உறிஞ்சினால் வருவது சேறுதான்.

சரி, குறை மட்டும் சொன்னால் போதுமா? என் யோசனை இது. படகில் ஓட்டை போடாதீர்கள். தூண்டில் மீன்பிடிப்பவர்கள் படகின் முன்னால் மாட்டும் சிறிய மின் மோட்டார் ஒன்று உண்டு. அதே 25 கிலோ விசைக்கு அது இழுப்பது சுமார் 50 ஆம்பியர்தான். பெரிய ப்ரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றி நிறைய தண்ணீரைத் தள்ளுவதால் வரும் லாபம் இது. எந்தத் திசைக்கும் திருப்பலாம். தரை தட்டினால் தூக்கிக்கொள்ளலாம். குப்பை சிக்கினால் கையாலேயே எடுக்கலாம். தரை தட்டினால் தூக்கிக்கொள்ளும் ப்ரொப்பெல்லர் நமக்குப் புதிதுமல்ல. 1979-ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையேறும் மீன்பிடிப் படகுகளுக்கு அப்படி ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறது. இதற்கு ஒரு நல்ல வலைக்கூண்டும் மாட்டும் பிடியும் வடிவமைத்தால் அதுவே உருப்படியான ப்ராஜெக்ட்.

அதற்கும் முன்னால் ஒன்று. ஆவடியும் பூந்தமல்லியும் இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் பழவேற்காடு ஏரி. ஆழமில்லாத அந்தத் தண்ணீரில் கழி ஊன்றியே படகு தள்ளுகிறார்கள். அன்று எங்கள் பாட்டி படகு ஏறியதும் அப்படித்தான். எதிர்வீட்டு அண்ணன் கொடி கட்டும் மூங்கிலைக் கொண்டுவந்து கேட் தூணில் முட்டுக்கொடுத்து அணியத்தைப் பிடித்து நிறுத்தினார். இரண்டு நிமிடம், அவ்வளவுதான். தண்ணீரில் இறங்கிப் பிடித்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். அங்கே மூடியில்லாத கால்வாய் எங்கிருக்கிறது என்று தண்ணீருக்கு மேல் தெரியாது.

ஆகவே என் வரிசை: முதலில் கழியும் கயிறும், அதைப் பிடிக்கத் தெரிந்த ஒரு ஆளும். பிறகு, தூக்கி மாட்டும் மோட்டார். பௌ த்ரஸ்டர் துறைமுகத்திலேயே இருக்கட்டும்.

ப்ராஜெக்ட் குழு நண்பர்களே, என் கணக்கில் தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஆனால் தலைப்பைக் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் பழவேற்காடு போய்விட்டு வாருங்கள். பஸ் டிக்கெட் நான் எடுக்கிறேன் :-)