நாற்றுக்கும் பயிருக்கும் ஒரே பசளையா?

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட எம்மிற் பலருடைய தோள்களில் காய்ச்சற்காரப் பிள்ளைகள் கிடந்தார்கள். தென்மராட்சியில் பாடசாலைகளிலும் கோவில் மண்டபங்களிலும் தங்கியிருந்த நாட்களில், கையில் அகப்பட்ட பெரியவர்களின் குளிசையைப் பாதியாகவும் காலாகவும் உடைத்து, கரண்டியில் நசுக்கிப் பிள்ளைகளுக்குப் பருக்கினோம். மருந்துக்குக் கடும் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. அன்று அப்படிச் செய்த தாய்மாரை எவரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் 2009இல் போர் முடிந்தது. பலர் ஊர் திரும்பினோம். சிலருக்கு முப்பது ஆண்டுகள் கடந்தும் சொந்தக் காணி கிடைக்கவில்லை. எங்கே இருந்தாலும், குளிசையை உடைக்கும் பழக்கம் மட்டும் எம்மோடு கூடவே வந்துவிட்டது. இது தாய்மாரின் அறியாமையால் மட்டும் வந்த குறையல்ல. குழந்தைக்கென்று ஆராய்ந்து செய்த மருந்துகள் போதாமையும், அவற்றை ஆராயத் தெரிந்த வைத்தியர்கள் போதாமையுமே இதன் வேர் என்பது எமது கருத்து.

கமக்காரருக்கு இதை விளக்குவது கடினமல்ல. மேடையில் நிற்கும் மிளகாய் நாற்றுக்கு, காய்க்கிற செடிக்கு இடுகிற பசளையைக் கொஞ்சம் குறைத்து இட்டால் போதும் என்று எவரும் எண்ணுவதில்லை. நாற்றின் வேர் வேறு, அது தாங்கும் சூடு வேறு. குழந்தையும் அப்படித்தான். அது சிறிய உருவிலுள்ள பெரிய மனிதர் அல்ல. பிறந்த குழந்தையின் ஈரலும் சிறுநீரகமும் மருந்தைப் பக்குவப்படுத்தி வெளியேற்ற இன்னும் முதிர்ச்சி அடையவில்லை. சில மாதங்களில், சில வருடங்களில் அந்த நிலை மாறிக்கொண்டே போகிறது.

பரசிற்றமோலையே எடுப்போம். பிள்ளையின் நிறையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பதே ஒரு வேளை அளவு. 10 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு அது 100 முதல் 150 மில்லிகிராம். 500 மில்லிகிராம் குளிசையிற் பாதி என்றால் 250. அதை நாளுக்கு நான்கைந்து தரம் கொடுத்தால் ஈரல் பழுதாகலாம். பாணி மருந்திலும் கவனம் வேண்டும். ஒரு போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் இருக்கும். இன்னொன்றில் 250 இருக்கும். சமையற்கட்டுக் கரண்டி அளவுகோலாகாது. டெங்குக் காலத்தில் அஸ்பிரின், இபுபுறோபன், டைக்ளோபெனாக் ஆகியவற்றைக் கொடுப்பது இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும்.

அப்படியானால் பிள்ளைக்கு எப்போதும் மருந்தைக் குறைத்தால் சரியா? அதுவும் இல்லை. வெங்காயத் தோட்டத்தில் புடையன் தீண்டிய பிள்ளைக்கு, விஷமுறிப்பு மருந்து பெரியவருக்குக் கொடுக்கும் அதே அளவிலேயே கொடுக்கப்படுகிறது. கடித்த பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. முறிக்க வேண்டியது விஷத்தை. ஓரிடத்தில் நிறையைப் பார்க்க வேண்டும், இன்னோரிடத்தில் பார்க்கக்கூடாது. இந்த வேறுபாடு ஊகத்தால் அறியப்படுவதல்ல. ஆராய்ச்சியால் அறியப்படுவது.

ஊகத்துக்குப் பிள்ளைகள் கொடுத்த விலை பெரிது. 1937இல் அமெரிக்காவில் ஒரு பாணி மருந்தில் கரைப்பானாகச் சேர்த்த டைஎதிலீன் கிளைக்கோல் நூற்றுக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அவர்களிற் பலர் பிள்ளைகள். 1959இல், கிருமித் தொற்று வராதிருக்கக் குளோராம்பெனிக்கோல் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகள் உடல் சாம்பல் நிறமாகி இறந்தமை வெளியானது. அவர்களின் ஈரலால் அந்த மருந்தைக் கையாள முடியவில்லை. 1963இல் ஹரி சேர்க்கி என்ற அமெரிக்க வைத்தியர், மருந்துலகில் பிள்ளைகள் அநாதைகளாக விடப்பட்டுள்ளனர் என்று எச்சரித்தார். இருந்தும் 2022இல் காம்பியாவில், மாசடைந்த இருமற் பாணியோடு தொடர்புபட்டு ஏறத்தாழ 70 பிள்ளைகள் சிறுநீரகம் பழுதாகி மாண்டனர். 1937இல் கொன்ற அதே நஞ்சு அந்தப் பாணியிலும் இருந்தது.

உலகம் பாடம் படிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2007இல் உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்கென்று தனியாக அத்தியாவசிய மருந்துப் பட்டியல் ஒன்றை முதன்முதலில் வெளியிட்டது. நீரிற் கரையும் சிறு குளிசைகள் வந்தன. இவற்றின் பின்னால் நிற்பவர்கள் ஒரு தனி வகையினர். அவர்கள் வாட்டில் பிள்ளையைப் பார்த்துச் சுகப்படுத்தும் வைத்தியர்கள். அதே வேளை, சில துளி இரத்தத்தில் மருந்தின் அளவைக் கணித்து, அது உடலில் என்ன செய்கிறதென்று ஆராயும் விஞ்ஞானிகள். இப்படி ஒருவரை உருவாக்க நீண்ட காலம் செல்லும். மருத்துவப் பட்டப்படிப்புக்கு ஐந்து வருடம், உள்ளகப் பயிற்சிக்கு ஒரு வருடம், அதன்மேல் குழந்தை வைத்தியத்திலும் மருந்தியலிலும் பல வருடங்கள். உலகெங்கும் இத்தகையோர் மிகச் சிலரே.

யாழ்ப்பாணத்தில் இது முடியுமா என்று கேட்போருக்கு மானிப்பாயை நினைவூட்டுகிறோம். 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மறு வருடமே மானிப்பாயில் எமது இளைஞர்களுக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர் அதைத் தமிழிலேயே கற்பித்தார். 1867இல் ‘இரண வைத்தியம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’ எனத் தமிழில் நூல்கள் வெளிவந்தன. மருந்து விடயத்தில் இலங்கைக்கும் ஒரு முன்னோடி உண்டு. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்து, தேவையான மருந்துகளை ஏழைக்கும் எட்டும் விலையில் வாங்க வழி பிறந்தது. 1978இல் தொடங்கிய யாழ். மருத்துவ பீடம் போர்க்காலம் முழுவதும் வைத்தியர்களை உருவாக்கியது. அடித்தளம் உண்டு. அதன்மேற் கட்டுவதே மீதி.

ஆராய்ச்சி என்றதும் எம்மவர் அஞ்சுவதை நாம் அறிவோம். “முகாமிலிருந்த எங்கட பிள்ளைகள் என்ன, சோதனை எலிகளோ?” என்று ஒரு தந்தை எம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. உதவிப் பொருளுக்காக வரிசையில் நின்றவனிடம் சுதந்திரமான சம்மதத்தைப் பெறுவது எளிதல்ல. ஆகவே ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும், தாய்தந்தைக்கு விளங்கும் தமிழில் விளக்கமும், மறுக்கும் உரிமையும், மறுத்தாலும் குறையாத சிகிச்சையும் கட்டாயம் வேண்டும். ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆராயாத மருந்தை ஊகத்தில் உடைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பரிசோதனைதான். எவரும் குறித்து வைக்காத, எவருக்கும் பாடமாகாத பரிசோதனை அது.

எனவே நாம் வேண்டுவது இது. வெளிநாட்டிலுள்ள எம் உறவுகள் கோவிலுக்கும் தேவாலயத்துக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை, குழந்தை மருந்தியல் கற்க விரும்பும் இளம் வைத்தியருக்குப் புலமைப்பரிசிலாக ஒதுக்கட்டும். அவர் திரும்பி வந்து இங்கு பணியாற்றும் உடன்பாட்டோடு. மருத்துவ பீடமும் போதனா வைத்தியசாலையும் அவருக்கு நோயாளரைப் பார்க்கவும் ஆராயவும் நேரம் பிரித்துக் கொடுக்கட்டும். எமது மாதர் சங்கங்கள் வீடுதோறும் அளவுக் கரண்டி சேர உழைக்கட்டும். நாமும், பிள்ளையின் நிறை எழுதிய சுகாதாரக் கொப்பியை மருந்து வாங்கப் போகும்போது மறவாமற் கொண்டு போவோம்.

சீடர்கள் தடுத்த பிள்ளைகளை ஆண்டவர் அருகே அழைத்தார். அவர்களைப் பெரியவர்களின் மிச்சத்தால் திருப்திப்படுத்தும்படி அவர் சொல்லவில்லை. பனை நட்டவர் அதன் பயனைக் காணாமற் போகலாம். ஆனாலும் எம் முன்னோர் நட்டார்கள்.