நீரில்லா ஆறும் தண்ணீர் ரயிலும்

“நீரில்லா ஆறு, சாமியில்லா கோயில், ராஜா இல்லா கோட்டை” என்று வேலூரைப் பற்றி அந்தக் காலத்தில் கேலியாகச் சொல்வார்கள். அந்தக் கேலிக்குள் எத்தனை ஆச்சரியங்கள் இருக்கின்றன, பாருங்கள்!

ராஜா இல்லா கோட்டை: ராஜாக்கள் ஆண்ட காலம் முடிந்ததும், வேலூர்க் கோட்டை ராஜ குடும்பங்களை அடைத்து வைக்கும் சிறையானது. திப்பு சுல்தான் குடும்பத்தினர் இங்கேதான் வைக்கப்பட்டார்கள். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1816 முதல் 1832-ல் இறக்கும்வரை இங்கே கைதி.

புரட்சிக்கு ஒரு தொப்பி: இந்தக் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகளோடு, தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையும் அவர்களைக் கொதிக்க வைத்தது. 1857 புரட்சிக்கு 51 ஆண்டுகள் முந்தைய சம்பவம் இது.

சாமியில்லா கோயில்: கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் பல தலைமுறைகளாக மூலவர் இல்லாமலே இருந்தது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் 1981-ல்தான் கோயிலுக்குத் திரும்பியது.

நீரில்லா ஆறு: ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் பகுதி முழுக்கத் தோல் தொழில்தான். ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையைக் கொண்டு தோல் பதனிட்டார்கள். பின்னர் குரோமியம் வந்தது. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில்தான். ஆனால் கழிவுநீர் பாலாற்றில் கலந்தது, கிணறுகளும் கெட்டன. தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிர் செய்யத் தகுதியற்றுப் போனது என்கிறது, உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டிய ஆய்வு.

நாட்டுக்கே பாடம்: வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும்’ என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஓர் அங்கம் என்றது. நாடெங்கும் சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு இது.

தண்ணீர் ரயில்: 2019 கோடையில் சென்னை தவித்தபோது, ரயிலில் தண்ணீர் போனது எங்கிருந்து தெரியுமா? அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த ஜோலார்பேட்டையிலிருந்துதான்! ஜூலை 12 அன்று 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் முதல் நடையாகக் கிளம்பியது. ஆனால் அது பாலாற்று நீர் அல்ல; குழாய் வழியே வந்த காவிரி நீர்.

2021 நவம்பர் மழையில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. மக்கள் பாலங்களில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் மாசு விவகாரம் அதோடு தீர்ந்துவிடவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள், ஆற்றைச் சீர்செய்யுங்கள் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. கோயிலுக்குச் சாமி வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆற்றுக்கு நல்ல தண்ணீர் வந்தால், பழைய கேலியில் இன்னொன்றையும் அடித்துவிடலாம்.