ரன்னை விடுத்துப் பந்தை எண்ணுக

டிசம்பர் ஏலம் முடிந்து அடுத்த ஐபிஎல் பருவம் நெருங்கும் வேளையில், பொன்முடி அடிவாரத்திலுள்ள வித்துராவிலும் மற்ற ஊர்களில் எழும் அதே கேள்விதான் எழுகிறது. சென்ற பருவத்தில் திடீரென்று வெடித்துக் கிளம்பியவர் இந்தப் பருவத்திலும் அப்படியே ஆடுவாரா? இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் விடுதி அறையில் கேட்டாலும், கடைத்தெருத் தேநீர்க் கடையில் கேட்டாலும் விடைகள் இரண்டே. ஒன்று, "அவன் ஃபார்மில் இருக்கிறான்." மற்றது, "ஒரு சீசன் அதிசயம், அவ்வளவுதான்." இரண்டும் ஆளைப் பற்றிய தீர்ப்புகள். கேள்வியோ ஆளைப் பற்றியது மட்டுமன்று.

ஃபேன்டசி கிரிக்கெட் ஆடாதவர்களுக்குச் சுருக்கமாக: மோதும் இரு அணிகளிலிருந்தும் பதினொருவரைத் தேர்ந்து ஒரு கற்பனை அணி அமைக்க வேண்டும், மெய்யான ஆட்டத்தில் அவர்கள் எடுக்கும் ரன்னும் விக்கெட்டும் பிடிக்கும் கேட்சும் புள்ளிகளாக மாறும், தலைவராகக் குறிக்கப்பட்டவரின் புள்ளி இரட்டிப்பாகும். ட்ரீம்11 போன்ற செயலிகளில் பணம் கட்டி ஆடப்பட்டு வந்த இந்த ஆட்டத்தை, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் நிறுத்தியது. மாணவர்களின் கைப்பணம் தப்பியது, நல்லதுதான். ஆனால் கேள்வி தப்பவில்லை. அதே கேள்வியைக் கோடிக்கணக்கான ரூபாயை முன்னால் வைத்துக் கேட்பவர்கள் அணி உரிமையாளர்கள். அதன் விடையால் வாழ்வும் தாழ்வும் பெறுபவர்கள் இருபது சொச்சம் வயதுடைய ஆட்டக்காரர்கள்.

ஒரு மட்டையாளரின் பருவக் கணக்கு இரண்டு பொருள்களின் பெருக்கம். எத்தனை பந்துகளை அவர் எதிர்கொண்டார் என்பது ஒன்று. ஒரு பந்துக்கு எத்தனை ரன் எடுத்தார் என்பது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் அணி தரும் இடத்தைப் பொறுத்தது. இடம் மாறாத வரை அது அதிகம் மாறாது. இரண்டாவது, பதினான்கு ஆட்டங்கள் என்ற சிறிய கால அளவுக்குள், காற்றில் ஆடும் சுடர் போன்றது. செய்தித்தாளும் செயலியும் ஏலமேசையும் இவ்விரண்டையும் பிரித்துப் பாராமல் மொத்த ரன்னை மட்டுமே காட்டுகின்றன. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

2011ஆம் ஆண்டின் பால் வல்தாட்டியை நினைவுகூரலாம். பஞ்சாப் அணிக்காகச் சென்னைக்கு எதிராக 63 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 120. அடுத்தாற்போல் டெக்கான் சார்ஜர்ஸுக்கு எதிராக 75. பருவம் முடிகையில் 14 ஆட்டங்களில் 463 ரன். அவ்விரு இன்னிங்ஸை எடுத்துவிட்டால் எஞ்சிய 12 ஆட்டங்களில் 268 ரன்தான், ஆட்டத்துக்கு 22. ஐபிஎல் வாழ்வு முழுவதிலும் அவர் எடுத்தது 505 ரன். அதாவது மற்றெல்லாப் பருவங்களையும் சேர்த்தால் 42. 2008இல் ராஜஸ்தானுக்காக 9 ஆட்டங்களில் 311 ரன் குவித்த ஸ்வப்னில் அஸ்னோட்கரின் கதையும் ஏறத்தாழ இதுவே. இவர்களை ஏமாற்றுக்காரர்கள் போலப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. பார்த்தவர்கள்தாம் இரண்டு மாலைப்பொழுதுகளை ஒரு முழு ஆட்டக்காரராக வாசித்துவிட்டார்கள்.

மொழித்தரவில் வேலை செய்பவர்கள் இந்தப் பிழையை நன்கறிவர். ஒரு நூலின் முதல் பத்துப் பக்கங்களில் ஐந்து முறை வந்துவிட்ட ஓர் அரிய சொல், நூல் முழுதும் அதே விகிதத்தில் வருமென்று கணக்கிட்டால் கணக்கு தோற்கும். அச்சொல் கண்ணில் பட்டதற்குக் காரணமே அந்தப் பத்துப் பக்கங்களில் அது தன் இயல்பைவிட அதிகமாக வந்ததுதான். திடீர் நட்சத்திரங்களும் அப்படியே. பத்து அணிகளின் மட்டையாளர்களுள் யாரேனும் ஒருவருக்கு ஒவ்வோர் ஆண்டும் இயல்பை மீறிய பருவம் அமையும். அவரைத்தான் "கண்டுபிடிப்பு" என்கிறோம். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடச் சற்றுக் குட்டையாக இருப்பதை 1886இல் பிரான்சிஸ் கால்டன் எழுதிக் காட்டினார். சராசரிக்குத் திரும்புதல் என்பது அதுவே. அதில் ஒழுக்கக் குறைவும் இல்லை, தலைக்கனமும் இல்லை.

ஆனால் எல்லோரும் திரும்பிவிடுவதில்லை. சென்னையைச் சேர்ந்த சாய் சுதர்சன் 2023இல் 8 ஆட்டங்களில் 362 ரன் எடுத்தார். இறுதியாட்டத்தில் 47 பந்துகளில் 96. அடுத்த ஆண்டு விழுவார் என்று எதிர்பார்த்தவர்கள் பலர். 2024இல் 12 ஆட்டங்களில் 527, 2025இல் 15 ஆட்டங்களில் 759, ஆரஞ்சு தொப்பி. இவ்வளர்ச்சியைத் திறமையின் மலர்ச்சி என்று மட்டும் எழுதுவோர் ஒரு வரிசை எண்களைப் பார்ப்பதேயில்லை. அவர் எதிர்கொண்ட பந்துகள் 2023இல் 256, 2024இல் 373, 2025இல் 486. ஆட்டத்துக்கு முறையே 32, 31, 32. மூன்று ஆண்டுகளாகக் குஜராத் அணி அவரை முதல் மூன்று இடங்களுக்குள்ளேயே வைத்திருந்தது. அவரும் அவசரப்பட்டு அதை வீணாக்கவில்லை. 2023இலும் 2024இலும் ஸ்ட்ரைக் ரேட் 141 என்ற அளவிலேயே நின்றது. 2025இல் 156க்கு ஏறியது. இந்த ஏற்றத்தில் எவ்வளவு கற்றது, எவ்வளவு காற்று என்பது இன்னும் தெளிவாகாது. ஆகவே 2026இல் அவரிடம் 759ஐ எதிர்பார்ப்பது பேராசை. இடம் மாறாமல் 14 ஆட்டங்களும் ஆடினால், 630க்கும் 700க்கும் இடையே எங்கோ என்பதே நியாயமான கணிப்பு. அதைக் கண்டு "சரிந்தார்" என்று யாரேனும் எழுதினால் குற்றம் எழுதியவருடையது.

மறுபக்கம் வெங்கடேஷ் ஐயர். 2021இன் பிற்பாதியில் கொல்கத்தாவின் தொடக்க ஆட்டக்காரராக 10 ஆட்டங்களில் 288 பந்துகள், 370 ரன். 2024 நவம்பர் ஏலத்தில் அதே அணி 23.75 கோடி ரூபாய்க்கு அவரைத் திரும்ப வாங்கியது. 2025இல் அவர் எடுத்தது 142 ரன். விலையையும் ரன்னையும் அருகருகே வைத்து அந்தப் பருவம் முழுதும் எள்ளி நகையாடினார்கள். எள்ளியவர்கள் கவனிக்காதது: 2025இல் அவருடைய ஸ்ட்ரைக் ரேட் 139, பெயர் பெற்ற 2021இலோ 128. குறைந்தது பந்து. நடுவரிசையில் இறக்கப்பட்டவருக்கு ஏழு இன்னிங்ஸில் கிடைத்தவை 102 பந்துகளே. இன்னிங்ஸுக்கு 15கூட இல்லை, 2021இல் இருந்ததில் பாதி. விரைவில் ஆட்டமிழந்தது அவர் பிழையும்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் ஓவர் குறைந்த நேரத்தில் உள்ளே அனுப்பிவிட்டு, தொடக்க ஆட்டக்காரரின் ரன்னை அவரிடம் கேட்பது என்ன கணக்கு?

ஃபேன்டசி ஆட்டத்தின் தாயகமான அமெரிக்காவில் இந்தப் பாகுபாட்டை எப்போதோ கற்றுவிட்டார்கள். அவர்களுடைய கால்பந்தில் வைடு ரிசீவர் என்பவர் ஓடிச் சென்று எறியப்படும் பந்தைப் பிடிப்பவர். அவர் எத்தனை கஜம் சேர்த்தார் என்பதற்கு முன்னால், எத்தனை முறை அவரை நோக்கிப் பந்து எறியப்பட்டது என்றே தேர்ந்த ரசிகர்கள் கேட்பார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியின் பூக்கா நகுவா 2023இல் அறிமுகப் பருவத்திலேயே 105 பந்துகளைப் பிடித்து 1486 கஜம் சேர்த்தபோது, அது நிலைக்காது என்றவர்கள் ஏராளம். அடுத்த ஆண்டு காயத்தால் 11 ஆட்டங்களே ஆடினார். மொத்தம் 990 கஜம். மேலோட்டமாகச் சரிவு. ஆனால் அவரை நோக்கி எறியப்பட்டவை முதல் ஆண்டில் ஆட்டத்துக்கு ஒன்பதுக்கு மேல். இரண்டாம் ஆண்டிலும் ஒன்பதுக்கு மேல். இடம் அப்படியே இருந்தது.

பந்து எண்ணிக்கை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று கொள்ள வேண்டியதில்லை. பந்துவீச்சாளருக்கு இருபது ஓவர் ஆட்டத்தில் 24 பந்துகள் என்பது மேல்வரம்பு. அவருக்கு எத்தனை பந்து என்பதைவிட எந்தப் பந்து என்பதே முக்கியம். கடைசி ஓவர்களில் யார்க்கர் போடுபவருக்கு விக்கெட் விழும், அடியும் விழும். சின்னப்பம்பட்டி நடராஜனின் தடையோ உடல்தான்: 2021இல் முழங்கால் அறுவை, 2024இல் 19 விக்கெட், 2025இல் 10.75 கோடிக்கு டெல்லி வாங்கியபின் இரண்டே ஆட்டங்கள். எந்த அட்டவணையும் அதை முன்கூட்டிச் சொல்லாது.

எதிரணியும் படிக்கும். வித்துராவும் சஞ்சு சாம்சனின் கடலோரப் புல்லுவிளையும் ஒரே மாவட்டம் என்பதால், அங்கே அவரைப் பற்றி நடுநிலையாகப் பேசுவது எளிதன்று. 2024 அக்டோபர், நவம்பரில் இந்திய அணியின் தொடக்க ஆட்டக்காரராக ஐந்து இருபது ஓவர் இன்னிங்ஸில் அவர் எடுத்தவை 111, 107, 0, 0, 109. அடுத்த ஜனவரி, பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராக 26, 5, 3, 1, 16. அதே இடம், அதே ஆள். வேகமாக உடலை நோக்கி எழும் பந்தை ஆர்ச்சரும் வுட்டும் திரும்பத் திரும்ப வீசினார்கள். முதல் ஐந்தை வைத்து அவரைத் தெய்வமாக்கியவர்களும் பிந்தைய ஐந்தை வைத்து விரட்டச் சொன்னவர்களும் ஒரே தவறைச் செய்தார்கள்: ஐந்து என்பது ஓர் எண்ணிக்கையே அல்ல. பத்தையும் சேர்த்தால் 378 ரன்; தொடக்க ஆட்டக்காரருக்கு மிக நல்ல கணக்கு. அதன் பின்னர் 2025 ஆசியக் கோப்பையில் கில் தொடக்க இடத்துக்கு வர, சஞ்சு நடுவரிசைக்கு நகர்த்தப்பட்டார். உண்மையான இழப்பு அங்கே நேர்ந்தது; அதைப் பற்றிய கூச்சல் இங்கிலாந்துத் தொடரின்போது எழுந்ததைவிடக் குறைவாகவே இருந்தது.

இப்போது எல்லோர் வாயிலும் வைபவ் சூர்யவன்ஷி. பதினான்கு வயதில், 35 பந்துகளில் நூறு. 2025 பருவம் முழுதும் அவர் எதிர்கொண்டவை 122 பந்துகள். ஓர் அணியின் ஒரே இன்னிங்ஸைவிட இரண்டு பந்து அதிகம். அந்த நூறு வந்த 38 பந்துகளைக் கழித்தாலும் 84 பந்துகளில் 151 ரன் இருக்கிறது. ஆகவே திறமை பொய்யன்று. ஆயினும் அந்தச் சிறுவனின் அடுத்த பருவம் மெலிந்தால், புகழ் கெடுத்தது, பணம் கெடுத்தது என்று எழுதக் காத்திருக்கும் பேனாக்கள் பல. எழுதுமுன் அவருக்கு எத்தனை பந்து தரப்பட்டது என்று பார்த்துக்கொள்வது நலம்.

திருவனந்தபுரத்துக் காரியவட்டம் மைதானத்தில், 2025 ஆகஸ்ட் 30 அன்று, கேரள கிரிக்கெட் லீக்கில் சல்மான் நிசார் கடைசி 12 பந்துகளில் 11 சிக்ஸர் அடித்தார். 26 பந்துகளில் 86. அந்தக் காணொளியைப் பார்க்காதவர் மாவட்டத்தில் குறைவு. அதே சல்மான் அதே ஆண்டு பிப்ரவரியில் ரஞ்சி காலிறுதியில் ஜம்மு காஷ்மீருக்கு எதிராகக் கடைசி ஆட்டக்காரர் பேசில் தம்பியுடன் 81 ரன் சேர்த்து, ஆட்டமிழக்காமல் 112 எடுத்து, கேரளத்துக்கு ஒரே ஒரு ரன் முன்னிலை பெற்றுத் தந்தார். இரண்டாவது இன்னிங்ஸிலும் தோல்வி வராமல் நின்று தடுத்தார். அந்த ஒரு ரன்னால் கேரளம் அரையிறுதி சென்றது. ஏலத்துக்கு ஆள் தேடுபவர்கள் பன்னிரண்டு பந்துகளின் காணொளியைத்தான் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். புனேயில் அவர் நாள்முழுதும் நின்ற பந்துகளைப் பார்த்தவர் எத்தனை பேர்?