பேய்க்குத் தடை போட்டவர் பாதிரியார்

துப்பறியும் நாவலில் பேய் நுழைந்தால் அது வாசகரை ஏமாற்றும் வேலை என்கிறார்கள். முடிச்சை அவிழ்க்கத் தெரியாத எழுத்தாளர்தான் ஆவியைக் கூப்பிடுவாராம்.

பேய் நுழையக் கூடாது என்ற இந்தச் சட்டம் பழையது. 1929இல் துப்பறியும் கதைகளுக்கு ரொனால்ட் நாக்ஸ் வகுத்த பத்து விதிகளில், அமானுஷ்யத்துக்கு இடமில்லை என்பதும் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், நாக்ஸ் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்! விதி போட்டவருக்கே அதில் பாதி விளையாட்டுத்தான். நம்மவர்கள்தான் அதை வேதமாக்கிவிட்டார்கள்.

ஜான் டிக்சன் கார் 1937இல் எழுதிய 'தி பர்னிங் கோர்ட்' நாவலை அவர்கள் படித்துவிட்டுப் பேசட்டும். கொலைக்காக 1861இல் தலை வெட்டப்பட்ட பெண்ணின் புகைப்படத்தில் இருப்பது, கதைநாயகனின் மனைவியின் முகம். மூடி அடைத்த கல்லறையிலிருந்து பிணம் காணாமல் போகிறது. கார் எல்லாவற்றுக்கும் மனிதக் காரணம் காட்டுகிறார், ஓட்டையில்லாமல். அதன் பிறகு சில பக்கங்களே வரும் பின்னுரையில் அந்த விளக்கத்தையே சந்தேகிக்க வைக்கிறார். (படிக்காதவர்கள் மன்னிக்கவும்.) முடிச்சை அவிழ்க்கத் தெரியாதவர் செய்கிற காரியமா இது?

பேய் வந்தால் மூடநம்பிக்கை வளரும் என்பது அடுத்த குற்றச்சாட்டு. இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா' நாவல் கடைசியில் கருப்பு சாமியை விட்டுவிட்டு மனநோயிடம் போய் நிற்கிறது. குற்றம் சாட்டுபவர்கள் கடைசி அத்தியாயம் வரை படிப்பதில்லை போலும்.